முடிச்சு அண்ணன் வாயும் கையும்

நெய்வேலி நகரியத்தில் முடிச்சு அண்ணன் சொன்னதை முதல் தடவையிலேயே புரிந்துகொண்டவர் இதுவரை ஒருவரும் இல்லை. எனக்குப் புரிந்தது என்று யாராவது சொன்னால், ஒன்று அவர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் முடிச்சு அண்ணன் அவரிடம் பேசவே இல்லை.

நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் சாமான்களை இறக்கி மூன்று நாள்கூட ஆகவில்லை. காலையில் கேட் அருகே ஒரு சைக்கிள் வந்து நின்றது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார், ஓட்டவில்லை. ஹேண்டில்பார் நிறைய ஒயர் கூடைகள். அதில் பச்சையும் வெள்ளையுமாக இருந்த சின்னக் கூடை ஒன்றை உருவி என் கையில் திணித்து, "இந்தாங்க சார், ஆஸ்பத்திரி" என்றார்.

"ஆஸ்பத்திரியா? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஆஸ்பத்திரி இல்ல, ஆஸ்பத்திரி இல்ல." கண்ணை இறுக மூடி யோசித்தார். முகம் மலர்ந்தது. "தேர்தல்!"

நான் கூடையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். நல்லவேளை, எதிர் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து ஓர் அம்மாள் குரல் கொடுத்தார்.

"பால் பாக்கெட்டுக்கு சார்! பால்காரரு வாசல்ல போட்டுட்டுப் போறாரு, நாய் இழுத்துகினு போவுதுன்னு நேத்து சொல்லிகினு இருந்தீங்களே, அதக் கேட்டுட்டு வந்து ராவெல்லாம் பின்னிட்டாரு. கேட்ல மாட்டி வைங்க."

"அதேதான். தேர்தல்" என்று மகிழ்ச்சியோடு தலையாட்டிவிட்டு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

குரல் கொடுத்தவர் செல்வி அக்கா, அவருடைய மனைவி. கம்பெனி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறார், குவார்ட்டர்ஸ் அவர் பெயரில்தான். பிறகு அவர் சொல்லித்தான் எனக்கு மீதி தெரிந்தது.

முடிச்சு அண்ணனுக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு. எங்கள் பிளாக்கில் அது யாருக்கும் தேவைப்பட்டதில்லை. குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஊர்க்காரர். வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பர்மனென்ட் வேலைக்குப் போன முதல் ஆள் இவர். மைன்ஸில் நிலக்கரி ஏற்றிப் போகும் கன்வேயர் பெல்ட்டை ஒட்டி ஜாயின்ட் போடும் வேலை. பெல்ட் ஓடும் இரைச்சலில் பேசிப் பழகியதால் வீட்டில் உப்புக் கேட்டால்கூட அடுத்த தெருவில் யாராவது உப்போடு எழுந்து நிற்பார்களாம்.

ஓய்வு பெறும் வருடத்தில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. கால் ஓரளவு திரும்பியது. கை மடங்கியபடியே நின்றது. பேச்சு வந்தது, ஆனால் பொருள்களின் பெயர்கள் மட்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிட்டன. "அலமாரி சாஞ்சு எல்லா டப்பாவும் கலந்து வுழுந்த மாதிரின்னு டாக்டர் சொன்னாரு சார்" என்றார் செல்வி அக்கா. "தண்ணி வேணும்னா போஸ்ட்மேன் வேணும்பாரு. மொதல் வாரம் நெசமாவே வெளிய போயி போஸ்ட்மேனத் தேடுனேன்."

அவருடைய பணி ஓய்வு விழாவைப் பற்றி இன்றும் ஷிஃப்ட் பஸ்ஸில் பேசுகிறார்கள். மாலையும் சால்வையுமாக மைக் முன்னால் நின்றவர், தழுதழுத்த குரலில், "உங்க எல்லாருக்கும் என்னோட மனமார்ந்த சாம்பார்" என்றாராம். மேடையில் இருந்த பெரிய அதிகாரி ஒரு கணம் திகைத்தார். பிறகு எழுந்து கைகூப்பி, "உங்களுக்கும் எங்கள் சாம்பார்" என்றார். மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. நல்லவராகத்தான் இருக்க வேண்டும்.

விழா முடிந்த மறுநாளிலிருந்துதான் கஷ்டம். மடங்கிய கைக்கு மென்மையான பந்து ஒன்றைக் கொடுத்து, தினமும் நூறு தடவை அமுக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் அமுக்கினார். எட்டாம் நாள் பந்து ஜன்னல் வழியாகப் போய்விட்டது. "மைன்ஸ்ல ஓடறத ஒட்டுன கை இது. இத அமுக்கினா அங்க என்னா ஓடப் போவுது?" என்று கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு குறைந்தது. செல்வி அக்கா வேலைக்குப் போகும்போது கத்தியையும் கயிற்றையும் பூட்டி வைத்துவிட்டுப் போன நாட்கள் உண்டு. இதை அவர் என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில், பின்னிப் பாதியில் நின்ற ஒயர் கூடை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. செல்வி அக்கா ஆரம்பித்து நேரமில்லாமல் விட்டது. ஒருநாள் வேலை விட்டு வந்து பார்த்தால் அதை மடியில் வைத்துக்கொண்டு இவர் மல்லுக்கு நிற்கிறார். இடது கையால் ஒயரை மடக்கி, வலது கையின் இரண்டு விரலுக்குள் நுனியைச் செருகி, பல்லால் இழுத்து ஒரு முடிச்சு. அதற்கு அரை மணி நேரம் ஆகியிருந்தது. முடிச்சைக் காட்டி, "ஓடுது" என்றாராம்.

அந்தக் கூடையை முடிக்க மூன்று மாதம். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போனதில், மேல் பக்கம் சுருங்கி, முழுக்க மூடிக்கொண்டது. வாயே இல்லாத கூடை.

"இதுல எப்பிடிங்க காய் போடறது?" என்றார் செல்வி அக்கா.

அவர் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நியாயமான கேள்வி என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "புதன்கிழமை" என்றார்.

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. விரல்கள் மெல்ல மெல்ல விரிந்தன. யாருக்கு என்ன தேவை என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் என்ன வார்த்தை வரும் என்று அவருக்கே தெரியாது. பார்த்துக்கொண்டே இருப்பார். மந்தாரக்குப்பத்தில் அவர் பயிற்சிக்குப் போன பிசியோதெரபி மையத்தில் ராணி அக்கா என்று ஒருவர். கேன்டீனில் வேலை பார்த்தவர், வாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. ஒரு கையில் கூடையைப் பிடித்தால் காயைப் பொறுக்கக் கை இல்லை என்பதால் மார்க்கெட்டுக்குப் போவதையே விட்டிருந்தார். முடிச்சு அண்ணன் கழுத்தில் குறுக்காக மாட்டிக்கொள்ளும்படி நீண்ட பட்டையோடு ஒரு கூடை பின்னிக்கொண்டு போய், "கல்யாண மண்டபம்" என்று சொல்லி அவர் கழுத்தில் போட்டார். அடுத்த ஞாயிறு சந்தையில் ராணி அக்கா ஒற்றைக் கையால் ஒவ்வொரு கத்தரிக்காயாகத் திருப்பிப் பார்த்து வியாபாரியோடு சண்டை போட்டதை நானே பார்த்தேன்.

பிறகு அந்த மையத்தில் காத்திருப்பவர்கள் மடியிலெல்லாம் ஒயரைப் போட ஆரம்பித்தார். பயிற்சியாளர் முதலில் கோபித்துக்கொண்டார். பந்தை அமுக்காதவர்கள் ஒயரை இழுப்பதைப் பார்த்துவிட்டு இரண்டு நாற்காலி கூடுதலாகப் போட்டார்.

இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்து, குழம்பி, சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாதம் என் வீட்டுக்கே வந்தது.

என் அக்காவின் கணவர் அருப்புக்கோட்டையில் முப்பது வருடம் தமிழாசிரியர். யாராவது கல்யாணப் பத்திரிகை வைத்தால், தட்டிலிருந்து எடுத்து, ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, அதே தட்டில் திருப்பி வைப்பார். அத்தானோடு பேசுவதற்கு முன் நான் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அவருக்கும் அதே வாதம், அதே வலது பக்கம். பேச்சும் போனது.

முழுதாகப் போகவில்லை. ஊரில் அவரைப் பார்க்கப் பழைய மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருக்கிறார்கள். "வாங்க" என்று சொல்ல நினைத்து வாயைத் திறந்திருக்கிறார். "போங்க" என்று வந்திருக்கிறது. திருத்த நினைத்து மறுபடி சொன்னதும் "போங்க"தான். வந்தவர்கள் பழப் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு வாயை மூடியவர் நான்கு மாதமாகத் திறக்கவில்லை. அக்கா தனியாகச் சமாளிக்க முடியாமல் அவரை அழைத்துக்கொண்டு நெய்வேலிக்கு என்னிடம் வந்துவிட்டாள். வந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கஞ்சி டம்ளரைப் பாதியில் தள்ளிவிடுவார்.

நான்காம் நாள் முடிச்சு அண்ணன் அழைக்காமலே உள்ளே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பையிலிருந்து ஒயரை எடுத்து, அத்தானின் மடங்கிய கைக்குள் ஒரு நுனியைச் செருகினார். "புடிங்க சார். இது நல்ல பாயசம்."

அத்தான் நுனியை உதறினார்.

அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "யாருடா இவரு? அவுகளே நொந்துபோய்க் கெடக்காக. இவரு வந்து பாயசங்காரு."

"நல்ல மனுஷன்க்கா."

"என்ன பேசுதாருன்னு ஒனக்குப் புரியுதா?"

"இல்ல."

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒயர் நுனியைச் செருகுவார், அத்தான் உதறுவார், இவர் எடுத்து மறுபடி செருகுவார். கூடவே ஓயாமல் பேச்சு. மைன்ஸில் மழை பெய்த கதையைச் சொல்வார். அதில் ஒட்டகம் வரும், தாசில்தார் வருவார், பெல்ட் மட்டும் வராது. அத்தானின் புருவம் ஒவ்வொரு தவறான சொல்லுக்கும் சுருங்குவதை நான் கவனித்தேன். அவருக்கு எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது. நகத்தால் கரும்பலகையைக் கீறுவதுபோல அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வாரம் ஒருநாள் சாயங்காலம். முடிச்சு அண்ணன் ஒரு முழுக் கூடையைக் கட்டிலில் வைத்துப் பாடம் நடத்தினார். அடிப்பாகத்தைத் தட்டினார். "இது ரயிலு. மொதல்ல ரயிலப் போடணும். அப்பறம் சுத்தி எழுப்பிகினே வரணும். கடைசியா..." கைப்பிடியைப் பிடித்து ஆட்டினார். "மாமனாரு. மாமனார இறுக்கிக் கட்டணும் சார். லூசா வுட்டா மாமனாரு அறுந்து வுழுந்துடுவாரு."

அத்தானின் தாடை ஆடியது. கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குப் பயம், மறுபடி ஏதோ வந்துவிட்டது என்று.

"கை..." என்றார் அத்தான். "கைப்... கைப்பிடி."

"மாமனாரு" என்றார் முடிச்சு அண்ணன்.

"கைப்பிடி!"

வகுப்பில் கடைசி பெஞ்சுவரை போகும் குரல். சமையலறையிலிருந்து அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "யாருடா டி.வி.யப் போட்டது?"

டி.வி. அணைந்திருப்பதை அவள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். கரண்டியிலிருந்து ரசம் சொட்டிக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் சண்டை. இவர் தப்பாகச் சொல்வார், அவர் திருத்துவார். ஒயரைப் பிடித்துக்கொண்டேதான் திருத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் அத்தான் நுனியை விட்டால் முடிச்சு அண்ணன் பேச்சை நிறுத்திவிடுவார். தவறான சொல் திருத்தப்படாமல் நிற்பதை அத்தானால் தாங்க முடியாது. இழுத்துப் பிடித்தார். பிடிக்கப் பிடிக்க விரல் நீண்டது.

எனக்கு ஒரு சந்தேகம். ஒருநாள் மையத்தின் வாசலில் நிற்கும்போது உள்ளே முடிச்சு அண்ணன் புதிதாக வந்த ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது காதில் விழுந்தது. "இது அடி. இது கைப்பிடி." தெளிவாக, பிசிறில்லாமல்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, உங்களுக்குக் கைப்பிடி சொல்ல வருது. அப்ப எங்க அத்தான்கிட்ட வேணும்னேதான் மாமனாருன்னு சொன்னீங்களா?"

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெயில் சுட்டெரித்தது. வானத்தைக் காட்டி, "மழை வரும்போல இருக்கு சார்" என்றார்.

அது பதிலா, பதிலைத் தவிர்த்ததா, வெயில் என்ற சொல் இடம் மாறியதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆனாலும் அத்தான் அடுத்தவர் பிழையைத்தான் திருத்தினாரே தவிர, தானாக ஒன்றும் பேசவில்லை. தனக்குப் பிழை வந்துவிடும் என்ற பயம். அது ஒரு மதியம் வந்தே விட்டது. அக்காவின் பெயர் மீனா. அத்தான் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கி, வெகு பிரியமாகக் கூப்பிட்டார்.

"பீரோ."

சொன்னதும் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. முடிச்சு அண்ணன் கூடையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"பரவால்ல சார். எங்க வூட்டு கலெக்டர நான் ஆறு மாசம் டிராக்டருன்னு கூப்டுகினு இருந்தேன். திரும்பிப் பாத்துச்சு. வேற என்னா வேணும்?"

உள்ளேயிருந்து அக்கா, "என்னங்க, கூப்பிட்டீகளா?" என்று வந்தாள். அவள் எதற்குப் பதில் சொன்னாள் என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. முதலில் சிரித்தது அவள்தான்.

அந்தச் சமயத்தில் செல்வி அக்காவின் தங்கை மகளுக்குக் குள்ளஞ்சாவடியில் கல்யாணம் நிச்சயமானது. தாம்பூலம் போட்டுக் கொடுக்க நூறு சின்னக் கூடை, மஞ்சள் நிறத்தில், தான்தான் தருவேன் என்று முடிச்சு அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். மையத்து ஆட்கள் ஆறு பேர் பின்னுவதாக ஏற்பாடு. பன்னிரண்டு கை; சொன்னபடி கேட்பவை ஏழு.

ஒயர் வாங்கப் பண்ருட்டிக்கு அவரோடு அத்தானையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நானும் போனேன். மொத்தக் கடையில் கூட்டம். கையைக் காட்டிக் கேட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் முடிச்சு அண்ணன் எந்தக் கடையிலும் கையைக் காட்ட மாட்டார். வாயால்தான் கேட்பார்.

"இருபது கட்டு பலாப்பழம் குடுங்க."

"பலாப்பழம் கட்டுல வராது பெரியவரே. மண்டி அந்தாண்ட இருக்கு."

"பலாப்பழம் இல்லைங்க. போலீஸ்டேசன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அத்தான் முன்னால் வந்தார். "ஒயர்" என்றார். முன்பின் தெரியாத ஒருவரிடம் ஐந்து மாதத்தில் அவர் பேசிய முதல் சொல்.

"என்னா கலர் சார்?"

அத்தான் மூச்சை இழுத்துக்கொண்டார். நெற்றியில் வேர்வை. "ரோஸ்" என்றார் கம்பீரமாக.

நான் திருத்தியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு மனசு வரவில்லை. முடிச்சு அண்ணனும் என் கையை அழுத்தினார்.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினோம். கண்ணைக் குத்தும் ரோஸ் ஒயர் கூடம் முழுக்க உருண்டது. செல்வி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மஞ்சளு எங்க?" என்றார். அத்தானுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. அவர் வாயைப் பொத்திக்கொள்வார், மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார் என்று பயந்தேன்.

அத்தான் ஒரு கட்டைக் காலால் உருட்டினார். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அக்கா பதறிக் கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தார். முடிச்சு அண்ணனைச் சுட்டிக்காட்டி, மூச்சு வாங்க, "தொற்று... தொற்றுநோய்" என்றார். அந்தச் சொல் சரியாகவே வந்தது.

கல்யாணத்துக்கு நூறு கூடை தயாரானது. ஆனால் அளவு சொன்னவர் முடிச்சு அண்ணன் ஆயிற்றே. ஒரு சாண் என்று அவர் என்ன சொன்னாரோ, ஆளாளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். சிலது தேங்காய் நுழையாத அளவு. சிலதில் ஒரு கைக்குழந்தையை உட்கார வைக்கலாம். ஒரு கூடைக்கு இரண்டு மாமனார், இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் எழுந்து நின்றார்.

"அவங்களுக்குப் பெருசு, எனக்கு மட்டும் இத்தினிகூண்டா? நாங்க என்னா வேண்டாதவங்களா?"

செல்வி அக்கா முகம் வெளுத்துவிட்டது. ராணி அக்காதான் முன்னால் வந்தார். ஒற்றைக் கையைத் தூக்கிக் காட்டினார். "நான் பின்னுனதுங்க அது. ஒரே கைல வருமா வராதான்னு மொதமொதல்ல பாத்தது. அதுக்கு மேல பெருசா இழுக்க வரல."

அந்த அம்மாள் கையில் இருந்த கூடையைத் திருப்பிப் பார்த்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரிய கூடை வாங்கிய பக்கத்துப் பெண்மணி கொஞ்ச நேரம் கழித்து, "நாம மாத்திக்கலாமா?" என்று கேட்டபோது அந்த அம்மாள் கொடுக்க மறுத்துவிட்டார்.

வாசலில் கூடைகளை எடுத்துக் கொடுக்க முடிச்சு அண்ணன் அத்தானை நிறுத்தியிருந்தார். வலது கையால்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டளை. அத்தான் நடுங்கும் விரல்களில் ஒவ்வொரு கூடையாகத் தொங்கவிட்டு நீட்டினார். சாப்பிட்டு முடித்துக் கிளம்புகிறவர்களைப் பார்த்து, "வாங்க, வாங்க" என்றார் ஒவ்வொருவரிடமும். வீட்டுக்குப் போகிறவர்களை எதற்கு வாங்க என்கிறார் என்று சிலர் குழம்பி மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா தூண் ஓரமாக நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் இப்போது அருப்புக்கோட்டையில் இருக்கிறார். அங்கே ஐந்தாறு பேரை உட்கார வைத்துப் பின்னக் கற்றுக்கொடுக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் முடிச்சு அண்ணனுக்குப் போன் வரும். அரை மணி நேரம் பேசுவார்கள். என்ன பேசினார்கள் என்று இந்தப் பக்கம் செல்வி அக்காவுக்கும் தெரியாது, அந்தப் பக்கம் என் அக்காவுக்கும் தெரியாது. பேசிய இருவரும் திருப்தியாகப் போனை வைப்பார்கள்.

முடிச்சு அண்ணன் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். போன வாரம் இரண்டு நாள் வரவில்லை. செல்வி அக்காவிடம் விசாரித்தேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு வாதத்தில் கை விழுந்துவிட்டதென்று கேள்விப்பட்டு, ஒயர்ப் பையோடு கிளம்பிவிட்டாராம். அந்த இரண்டு நாளும் எல்லோரும் பேசியது எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. வீடு வெறிச்சென்று இருந்தது.